நேப்பிள்ஸ் நாவல்கள்: நட்பில் பணமும் வர்க்கமும்

நேப்பிள்ஸ் நாவல்கள் என்பது இத்தாலிய எழுத்தாளர் எலேனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை வெளியிட்ட நான்கு நாவல்களின் பொதுப்பெயர். நேப்பிள்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 1944-ஆம் ஆண்டு பிறந்த இரு பெண்களின் அறுபது ஆண்டு நட்பை இவை சொல்கின்றன. நட்பைப் பற்றிய தற்காலப் புனைகதைகளில் பணத்தையும் வர்க்கத்தையும் இவ்வளவு வெளிப்படையாகக் கணக்கிட்டுக் காட்டும் படைப்புகள் குறைவு. யார் யாருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார், யாருடைய கடையின் முதல் எங்கிருந்து வந்தது, யாருடைய பேச்சில் எந்தத் தெருவின் சாயல் இருந்தது என்பன இந்நாவல்களில் நட்பின் உள்விவகாரங்களாகவே வருகின்றன.

நூல்களும் ஆசிரியரும்

முதல் நாவலான ‘லமிகா ஜெனியாலே’ 2011-ல் வெளிவந்தது. ‘மேதையான தோழி’ என்று அத்தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். அடுத்த மூன்று பகுதிகளும் ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. இவற்றை ரோம் நகரின் எதித்சியோனி ஏ/ஓ பதிப்பகம் வெளியிட்டது. ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நாவல்களை உலகெங்கும் கொண்டு சென்றது. நான்காம் நாவல் 2016-ல் சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. 2018 முதல் 2024 வரை நான்கு பருவங்களாகத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

எலேனா ஃபெரான்டே என்பது புனைபெயர். 1992-ல் முதல் நாவல் வெளியான நாள் முதல் ஆசிரியர் தம்மை வெளிக்காட்டிக் கொள்ளவில்லை. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் பணப் பட்டுவாடா விவரங்களையும் வீட்டு ஆவணங்களையும் ஆராய்ந்து, இன்னார்தான் ஃபெரான்டே என்று எழுதினார். வாசகர்களிலும் எழுத்தாளர்களிலும் பலர் அதைக் கண்டித்தனர்.

கதையைச் சொல்பவர் எலேனா கிரேக்கோ. வீட்டாரும் தோழியும் அவரை லெனூ என்று அழைக்கிறார்கள். லெனூவின் தந்தை நகராட்சி அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். தோழியின் பெயர் ரஃபேல்லா செருல்லோ. லெனூவுக்கு மட்டும் அவர் லீலா. லீலாவின் தந்தை செருப்புத் தைப்பவர். இருவரும் வளரும் குடியிருப்புக்கு நாவலில் பெயர் இல்லை. நேப்பிள்ஸின் கிழக்குப் பகுதியிலுள்ள லுத்சாத்தி குடியிருப்புதான் அது என்று வாசகர்கள் அடையாளம் காண்கிறார்கள். இன்று நாவலைப் படித்தவர்கள் அந்தத் தெருக்களைப் பார்ப்பதற்கென்றே செல்கிறார்கள்.

வரலாற்றுப் பின்புலம்

இரண்டாம் உலகப்போரில் கடும் குண்டுவீச்சுக்கு உள்ளான நகரம் நேப்பிள்ஸ். 1943 செப்டம்பர் 27 முதல் 30 வரை நகர மக்கள் ஜெர்மானியப் படையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அக்டோபர் 1 அன்று நேச நாட்டுப் படைகள் நகருக்குள் வந்தன. அடுத்து வந்தது பசியின் காலம். உணவும் எண்ணெயும் துணியும் கள்ளச்சந்தையில் விற்றன. அந்தச் சந்தையை நடத்தியவர்கள் பணக்காரர் ஆனார்கள். வாங்கியவர்கள் கடனாளி ஆனார்கள்.

1952 முதல் 1957 வரை நகரின் மேயராக இருந்தவர் கப்பல் முதலாளி அக்கில்லே லவுரோ. தேர்தலுக்கு முன் ஒரு காலுக்கு மட்டும் செருப்பு கொடுத்து, வென்ற பிறகே மறுகாலுக்குக் கொடுத்தார் என்ற கதை அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படுகிறது. ஏழையின் தேவையை வைத்து நடந்த அரசியலுக்கு அது எடுத்துக்காட்டு.

1958 முதல் 1963 வரையான ஆண்டுகள் இத்தாலியின் ‘பொருளாதார அதிசய’ காலம் எனப்படுகின்றன. 1954 ஜனவரியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. 1955-ல் ஃபியட் 600 என்ற சிறிய கார் விற்பனைக்கு வந்தது. வடக்கே தூரின், மிலான் நகரங்களின் ஆலைகளுக்குத் தெற்கத்தியர் இலட்சக்கணக்கில் வேலைதேடிச் சென்றனர். லெனூவும் லீலாவும் இந்த மாற்றத்துக்கு நடுவே வளர்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பில் பிரிந்த பாதை

நாவல்களின் மையத் திருப்பம் ஒரு பள்ளிச் செலவு. இருவரில் இயல்பிலேயே கூர்மையானவள் லீலா. யாரும் சொல்லித் தராமலே படிக்கக் கற்றுக்கொண்டவள். அன்றைய முறைப்படி ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் லத்தீன் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றனர். உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்த வழியாகவே போக முடியும். மற்றவர்களுக்குத் தொழில் ஆயத்தப் பள்ளி, இல்லாவிட்டால் வேலை.

நுழைவுத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி வேண்டும், புத்தகம் வேண்டும். ஆசிரியை ஒலிவியேரோ இரு வீட்டாரிடமும் பேசுகிறார். லெனூவின் தாய் முதலில் மறுத்தாலும் முடிவில் அந்த வீடு பணம் கொடுக்கச் சம்மதிக்கிறது. லீலாவின் தந்தை சம்மதிக்கவில்லை. அண்ணன் ரீனோ தங்கைக்காக வாதாடுகிறான். லீலா விடாமல் கேட்கிறாள். ஒருநாள் தந்தை அவளைச் சன்னல் வழியே தூக்கி எறிகிறார். கை ஒடிகிறது. அத்துடன் அந்தப் பேச்சு முடிகிறது.

இந்தக் காட்சியை இத்தாலியக் கல்வி வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1948-ல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 34-ஆம் பிரிவு, குறைந்தது எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என்று கூறுகிறது. தகுதியுள்ளவர் வசதியற்றவராக இருந்தாலும் கல்வியின் உச்சம் வரை செல்லும் உரிமை உடையவர் என்றும் கூறுகிறது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரே நடுநிலைப் பள்ளியை உருவாக்கிய 1859-ஆம் எண் சட்டம் 1962 டிசம்பர் 31 அன்றுதான் வந்தது. உறுதிமொழிக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். லீலா ஐந்தாம் வகுப்பை முடித்தது 1950-களின் நடுவில். அந்த இடைவெளியில் விழுந்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி.

சட்டம் வந்த பிறகும் ஏழைக் குழந்தைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டுவந்தார்கள் என்பதை, டஸ்கனியின் மலைக்கிராமமான பார்பியானாவில் பாதிரியார் லொரென்ட்சோ மிலானி நடத்திய பள்ளியின் மாணவர்கள் 1967-ல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலில் எழுதிக் காட்டினார்கள். தேர்வில் தோற்றவர்களின் பெற்றோர் என்ன தொழில் செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்த நூல் அது. அந்த மாணவர்கள் எண்களால் சொன்னதை ஃபெரான்டே இரு சிறுமிகளின் வாழ்க்கையால் சொல்கிறார்.

செல்வத்தைப் பற்றிய கனவுகள்

சிறுவயதில் இருவரும் செல்வத்தைப் புத்தகத்தோடு சேர்த்தே நினைக்கிறார்கள். தொலைந்த பொம்மைகளைக் கேட்டு, குடியிருப்பே அஞ்சும் தோன் அக்கில்லேயின் படிகளில் கைகோத்து ஏறுகிறார்கள். அவர் பொம்மை வாங்கக் காசு கொடுத்து அனுப்புகிறார். அந்தக் காசில் அவர்கள் வாங்குவது லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவல். அதைத் தாள்கள் கிழியும் வரை சேர்ந்து படிக்கிறார்கள். எழுதிப் பணக்காரர் ஆகலாம் என்ற எண்ணம் அப்போது பிறக்கிறது. லெனூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது லீலா தனியே ‘நீலத் தேவதை’ என்ற சிறுகதைப் புத்தகத்தைக் கையால் எழுதி முடிக்கிறாள். ஆசிரியையிடம் கொடுக்கிறாள். ஆசிரியை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவர்களுடைய முதல் புத்தகத்துக்கான காசு கள்ளச்சந்தைக்காரரின் பையிலிருந்து வந்தது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. பின்னர் பஸ்குவாலே என்ற இளைஞன் வழியாகப் போர்க்காலக் கதைகளை லீலா தெரிந்துகொள்கிறாள். பஸ்குவாலேயின் தந்தை ஒரு தச்சர். தன் பட்டறையை அக்கில்லேயிடம் இழந்தவர். அக்கில்லேயைக் கொன்றதாகச் சிறைக்கும் சென்றவர். அதன்பிறகு தெருவில் பார்க்கும் ஒவ்வொரு கடையும் லீலாவுக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. அக்கில்லேயின் மகன் ஸ்தெஃபானோவின் மளிகைக்கடையும், சொலாரா சகோதரர்களின் மதுக்கடையும் காரும் அவளுக்கு யாரோ ஒருவர் இழந்த பொருளாகத் தெரிகின்றன. சொலாராக்களின் தாய் மனுவேலா கடன்காரர்களின் பெயர்களைச் சிவப்பு நோட்டில் எழுதி வைத்திருப்பவர்.

படிப்பு மூடிப்போனபின் லீலாவின் அறிவு செருப்புக்குத் திரும்புகிறது. இதுவரை யாரும் செய்யாத காலணிகளை அவள் தாளில் வரைகிறாள். அண்ணனோடு சேர்ந்து ஒரு ஜோடியைத் தைக்கிறாள். தொழிற்சாலை வைக்க வேண்டும் என்பது கனவு. ஆனால் முதல் இல்லாமல் கனவு நகரவில்லை. மார்செல்லோ சொலாரா தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசாகக் கொண்டுவந்து அவளைப் பெண்கேட்கிறான். அவனிடமிருந்து தப்ப, அந்தச் செருப்புகளை விலை கொடுத்து வாங்கிய ஸ்தெஃபானோவை அவள் தேர்ந்தெடுக்கிறாள். பதினாறு வயதில் திருமணம். விருந்தின் முடிவில் மார்செல்லோ வந்து அமர்கிறான். அவன் காலில் இருப்பது லீலா தன் கையால் செய்த அதே செருப்பு. அவளுடைய உழைப்பும் அவளுடைய திருமணமும் ஒரே வியாபாரத்தில் கைமாறிவிட்டன என்பதை அந்தக் காலணிகள் காட்டிவிடுகின்றன.

அன்று காலை மணப்பெண்ணாகத் தயாராகும்போது லீலா தோழியிடம் ஒன்று கேட்கிறாள்: படிப்பை ஒருபோதும் நிறுத்தாதே, வேண்டிய பணம் நான் தருகிறேன். ‘மேதையான தோழி’ என்ற சொல் அங்கேதான் வருகிறது. அதுவரை வாசகர் அந்தப் பட்டத்தை லீலாவுக்கு உரியதாக எண்ணியிருப்பார். அதைச் சொல்பவளே லீலாதான். மளிகைக்கடைப் பணத்தில் அவள் லெனூவுக்குப் பாடப்புத்தகங்கள் வாங்கித் தருகிறாள்.

பணத்தால் மட்டும் வராத தகுதி

லெனூவின் வழி கல்வி. உயர்நிலைப் பள்ளியில் அவளுடைய ஆசிரியை கலியானி ஒரு விருந்துக்கு அழைக்கிறார். லெனூ லீலாவையும் கூட்டிச் செல்கிறாள். கலியானி இடதுசாரிக் கருத்துள்ளவர். வீடு முழுதும் புத்தகங்கள். இளைஞர்கள் உலக அரசியல் பேசுகிறார்கள். லெனூவின் பேச்சைக் கேட்கிறார்கள். நல்ல உடை உடுத்தி, கையில் பணமும் உள்ள லீலாவோடு பேச ஒருவரும் வரவில்லை. திரும்பும் வழியில் லீலா அவர்கள் எல்லோரையும் கிண்டல் செய்து தீர்க்கிறாள். ஏழைகளுக்காகப் பேசும் கூடத்தில் மளிகைக்கடைக்காரரின் மனைவிக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பின்னர் லெனூ பீசா நகரின் ஸ்குவோலா நோர்மாலேயில் சேர்கிறாள். 1810-ல் நெப்போலியனின் ஆணையால் தொடங்கப்பட்ட இந்த உயர்கல்வி நிறுவனத்தில், போட்டித் தேர்வில் வென்றவர்கள் செலவின்றிப் படிக்கலாம். பணத் தடை நீங்குகிறது. ஆனால் மற்றத் தடைகள் அங்கேதான் தெரியவருகின்றன. அவளுடைய நேப்பிள்ஸ் உச்சரிப்பைச் சிரிக்கிறார்கள். அவள் குரலைத் தணித்து, சொற்களைத் தேர்ந்து பேசப் பழகுகிறாள். வசதியான மாணவர் ஃபிராங்கோ மாரி அவளுக்கு உடையும் புதிய மூக்குக்கண்ணாடியும் வாங்கித் தருகிறான். அவன் துணையில் இருந்தவரை மதிப்பு இருந்தது. அவன் கல்லூரியைவிட்டுப் போனதும் அதுவும் குறைகிறது.

இந்நாவல்களில் மொழியே வர்க்கத்தின் அளவுகோல். ஃபெரான்டே பெரும்பாலும் பொது இத்தாலிய மொழியிலேயே எழுதுகிறார். பாத்திரங்கள் எப்போது வட்டார வழக்குக்கு மாறுகிறார்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டுச் செல்கிறார். கோபத்திலும் அச்சத்திலும் லெனூவின் வாயில் வட்டார வழக்கு திரும்பி வருகிறது.

பேராசிரியர் குடும்பத்தைச் சேர்ந்த பியேத்ரோ ஐரோத்தாவோடு அவளுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. அவளுடைய முதல் நாவல் அச்சாக, வருங்கால மாமியாருக்குப் பதிப்புலகில் இருந்த பழக்கம் உதவுகிறது. ஐரோத்தாக்கள் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்களுக்குப் பேசவேண்டிய அவசியம் இல்லை. யாரை எப்போது தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதை அவர்கள் பிறப்பிலிருந்தே அறிந்தவர்கள். அந்த அறிவை எந்தப் பள்ளியும் லெனூவுக்குக் கற்றுத் தரவில்லை.

ஆலையும் தீயில் எரிந்த புத்தகமும்

கணவனைவிட்டு வெளியேறிய லீலா, சிறு மகனோடு சான் ஜொவான்னி அ தெதூச்சியோ என்ற பகுதிக்குப் போகிறாள். பதப்படுத்திய இறைச்சி செய்யும் ஆலையில் கூலியாகச் சேர்கிறாள். ஆலையின் முதலாளி புரூனோ சொக்காவோ. சில ஆண்டுகளுக்கு முன் இஸ்கியா தீவின் கடற்கரையில் விடுமுறை நாட்களில் அவளோடும் லெனூவோடும் சமமாகப் பேசிப் பழகியவன். கடற்கரையில் இருந்த சமத்துவம் ஆலைவாசலில் இல்லை.

அதே காலத்தில் ஒலிவியேரோ இறக்கிறார். அவர் பாதுகாத்து வைத்திருந்த தாள்கள் லெனூவின் கைக்கு வருகின்றன. அவற்றில் லீலா பத்து வயதில் எழுதிய ‘நீலத் தேவதை’யும் இருக்கிறது. ஓரங்களில் ஆசிரியை பாராட்டி எழுதிய குறிப்புகள் உள்ளன. படித்துப் பார்க்கும் லெனூவுக்குத் தன் நாவலின் உயிர்க்கருவே அந்தக் குழந்தைக் கதையிலிருந்து வந்தது என்று புரிகிறது. அவள் ஆலைக்குத் தேடிப்போய் அதை லீலாவிடம் கொடுக்கிறாள். லீலா அதை எரியும் நெருப்பில் போட்டுவிடுகிறாள்.

நான்கு நாவல்களிலும் கடனைப் பற்றிய மிகக் கடுமையான காட்சி இதுவே. பாடப்புத்தகத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட முடியும். இந்தக் கடனை லெனூவால் அடைக்க முடியாது. அதை ஒப்புக்கொள்ள அவள் வந்த நேரத்தில் லீலாவின் கைகள் ஆலையின் உப்புநீரில் புண்ணாகியிருந்தன. ஆசிரியையின் பாராட்டு, தேவைப்பட்ட நாளில் வாய்திறக்காமல் தாளின் ஓரத்திலேயே தங்கிவிட்டது.

ஆலையின் நிலையை லெனூ பத்திரிகையில் எழுதுகிறாள். ஐரோத்தாக்களின் தொடர்புகள் மூலம் லீலாவுக்கு வழக்கறிஞர் உதவி கிடைக்கிறது. 1969-ல் வடக்கு ஆலைகளில் வெடித்த ‘சூடான இலையுதிர்காலப்’ போராட்டங்களும், 1970 மே மாதத்தில் வந்த தொழிலாளர் உரிமைச் சட்டமும் இப்பகுதியின் வரலாற்றுச் சூழல். இரவுகளில் லீலாவும் என்ட்சோவும் அஞ்சல்வழிப் பாடம் வைத்துக் கணினியியல் கற்கிறார்கள். பின்னர் சொந்த நிறுவனமும் தொடங்குகிறார்கள். ஒருநாள்கூட உயர்நிலைப் பள்ளி வகுப்பில் உட்காராத லீலா இப்படித் தன் வழியை மறுபடி தானே அமைக்கிறாள்.

திரும்பி வருதல்

நான்காம் நாவலில் லெனூ பெயர்பெற்ற எழுத்தாளராக அதே குடியிருப்புக்குத் திரும்பி, லீலாவின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியேறுகிறாள். 1980 நவம்பர் 23 அன்று தென்னித்தாலியை உலுக்கிய நிலநடுக்கம் இருவரையும் ஒரே இடத்தில் பிடிக்கிறது. சொலாராக்களின் கந்துவட்டியையும் குற்றங்களையும் அம்பலப்படுத்தும் கட்டுரை லெனூவின் பெயரில் வெளிவருகிறது. லீலா அதில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தாள். படித்தவளின் எழுத்துக்கு அதிகாரம் உண்டு என்று எண்ணியே அவள் தன் பங்குக்கும் சேர்த்துத் தோழியைப் படிக்கவைத்தாள். சொலாராக்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

முதுமையில் லெனூ தங்கள் நட்பையே பொருளாக்கி ஒரு சிறு நூல் எழுதுகிறாள். அது அவளுடைய மங்கிய புகழை மீட்டுத் தருகிறது. லீலா அதற்குப்பின் அவளோடு பேசவில்லை. 2010-ல், அறுபத்தாறு வயதில், தன் உடைமைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு சுவடின்றி மறைகிறாள். நான்கு நாவல்களும் அதற்குப் பதிலாக லெனூ எழுதுபவை என்பதே கதையமைப்பு.

பிற நாவல்களோடு ஒப்பீடு

வர்க்கம் கடந்த நட்பைப் பேசும் பல நாவல்களில் ஏற்றத்தாழ்வு கதை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. காலித் ஹொசைனியின் ‘தி கைட் ரன்னர்’ (2003) நாவலில் காபூலின் செல்வந்தர் மகன் அமீரும், வீட்டுப் பணியாளரிடம் வளரும் ஹசனும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஆனால் அமீர் பள்ளிக்குப் போகிறான், ஹசனுக்கு எழுத்தறிவு இல்லை. திரிட்டி உம்ரிகரின் ‘தி ஸ்பேஸ் பிட்வீன் அஸ்’ (2006) நாவலில் மும்பையின் பார்சி இல்லத்தரசி சேராவும் வேலைக்காரி பீமாவும் துன்பங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் பீமா நாற்காலியில் உட்காருவதில்லை, அவளுக்குத் தேநீர்க் குவளையும் தனி.

ஃபெரான்டேயின் தோழிகள் ஒரே முற்றத்தில் தொடங்குகிறார்கள். இருவர் வீட்டிலும் வறுமை ஏறக்குறைய ஒன்றே. அவர்களுக்கு இடையிலான கோடு வாசகரின் கண்முன்னே, ஒரு வீடு சம்மதித்த செலவாலும் மறுவீடு மறுத்த செலவாலும் வரையப்படுகிறது.

மதிப்பீடு

நட்பு பணத்தைவிடப் பெரியது என்று இந்நாவல்கள் எங்கும் ஆறுதல் சொல்லவில்லை. பணம் நட்பைக் கெடுத்துவிட்டது என்றும் சொல்லவில்லை. லெனூ கல்வியால் வெளியேறினாலும் அவளுடைய எழுத்தின் வேர் தங்கிவிட்டவளிடம் இருக்கிறது. லீலா பணத்தைக் கையாண்டும் துறந்தும் மறுபடி ஈட்டியும், பத்து வயதில் மறுக்கப்பட்டதைத் திரும்பப் பெறவில்லை. ஒருத்தியின் வெற்றியில் மற்றவளின் இழப்பு கலந்திருப்பதை இருவரும் அறிவார்கள். பொறாமை, நன்றி, கோபம் மூன்றும் அந்த அறிவிலிருந்தே வருகின்றன.

2024-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுத்தாளர்களிடமும் விமர்சகர்களிடமும் கேட்டுத் தொகுத்த இருபத்தோராம் நூற்றாண்டின் சிறந்த நூல்கள் பட்டியலில் ‘லமிகா ஜெனியாலே’ முதலிடம் பெற்றது. இந்த நாவல்களைப் படிக்கும் மாணவர்கள் இத்தாலியின் அரைநூற்றாண்டு வரலாற்றை ஒரு தெருவின் அளவில் காணலாம். ஓர் ஆசிரியை சரியான நேரத்தில் சொல்லாமல் விட்ட பாராட்டுக்கும், ஒரு சட்டம் வரத் தாமதித்த ஆண்டுகளுக்கும் ஒரு சிறுமி கொடுத்த விலை என்ன என்பதையும் அதே தெருவில் காணலாம்.